கரையோர ஆசிரியரும் கலாசாலையும்: கல்முனை முதல் அறுகம்பே வரை முஸ்லிம் ஆசிரியர் தொழிற்றகைமை பெற்ற வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையிற் கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி ஆகிய ஊர்களைத் தொட்டுப் பொத்துவிலை அடைகின்றது. அங்கிருந்து கிளைக்கும் பாதை அறுகம்பேக் களப்பின் பாலத்தைத் தாண்டிப் பாணமை வரை நீள்கின்றது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி அமைந்த இக்கரையோரத்தில் இரு சமூகத்தினரும் பேசும் மொழி தமிழே. வயலும் கடலும் இருவருக்கும் பொதுவானவை. 1961 இல் அம்பாறை மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாகவே இருந்து வந்தது.

இப்பகுதியின் கல்வி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பாடசாலைகளின் தோற்றத்தையும், அவற்றைத் தோற்றுவித்த பெரியார்களின் பணியையுமே விரித்துரைத்துள்ளனர். பாடசாலைக்குள் நின்று கற்பித்த ஆசிரியர் தமது தொழிலுக்குரிய தகைமையை எங்கே, எவ்வாறு, எத்தகைய இடர்களின் மத்தியிற் பெற்றனர் என்னும் வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் ஆசிரியர் உயர்ந்த தொழிற்றகைமையைப் பெறாது பின்தங்கி நிற்கும்போது, அதற்குக் காரணம் அவர்தம் ஆர்வமின்மையே என்று கூறிவிடுவது எளிது. இக்கரையோரத்தின் வரலாறு அக்கூற்றை மறுக்கின்றது. தகைமை பெறும் வழி எட்டும் தூரத்தில் அமைந்த ஒவ்வொரு வேளையிலும் ஆசிரியர் அதனை நாடிச் சென்றுள்ளனர். எட்டாத தூரத்தில் அமைந்த வேளைகளில், அதனைப் பெற்றோர் விரல்விட்டு எண்ணக்கூடியவராகவே இருந்துள்ளனர்.

தராதரப்பத்திரம் இல்லாத புலமை

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நவீன பாடசாலைக் கல்வி இலங்கையின் கரையோரப் பகுதிகளிற் பெரும்பாலும் கிறித்தவ மிசன்களின் வாயிலாகவே பரவிற்று. மெதடிஸ்த மிசன் 1814 இலேயே மட்டக்களப்பிற் கால்பதித்தது. பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையும், இருபதாம் நூற்றாண்டில் இராமகிருஷ்ண மிசனும் பாடசாலைகளை நடத்தின. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் கற்பித்தோருக்கான பயிற்சி நிலையங்களும் பெரும்பாலும் சமய நிறுவனங்களைச் சார்ந்தே இயங்கின. எனவே ஆசிரியத் தராதரத்திற்கான வாயிலும் சமய நிறுவனத்தின் வாயிலாகவே அமைந்திருந்தது.

மதமாற்றத்திற்கு அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளை இப்பாடசாலைகளுக்கு அனுப்பத் தயங்கினர். அதனால் அச்சமூகத்திற் கல்வியே இல்லாதிருந்தது என்று கொள்ளுதல் தவறாகும். ஊர்தோறும் குர்ஆன் பள்ளிகள் இருந்தன. லெப்பைமார் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் வழக்கின் வாயிலாகச் சமய நூல்களைப் பயின்றோர் ஆண்களிலும் பெண்களிலும் இருந்தனர். ஆயின் இக்கல்வியை அரசாங்கக் கல்வித் திணைக்களம் அங்கீகரிக்கவில்லை. ஊரார் 'உஸ்தாத்' என மதித்துப் போற்றிய ஒருவர் திணைக்களத்தின் பதிவேட்டில் ஆசிரியராக இடம்பெற வழியில்லை. பாடசாலை வந்தபோது, அதிற் கற்பிப்பதற்குத் தராதரப்பத்திரம் உடையோரை வெளியிலிருந்தே எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

இந்நிலையை முதலில் உணர்ந்து செயற்பட்டவர் அறிஞர் எம். ஸி. சித்திலெப்பை (1838–1898). 1882 இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடக்கியும், கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலைகளை நிறுவியும் அவர் ஆற்றிய பணி முஸ்லிம்களின் நவீன கல்விக்கு அடித்தளமாயிற்று. எனினும் அம்முயற்சியின் பயன் கிழக்குக் கரையை வந்தடையப் பல ஆண்டுகள் சென்றன.

தகைமை தேடிய பயணம்

இக்கரையோரத்தில் தொழிற்றகைமை பெறுதல் எத்தகைய முயற்சியை வேண்டிற்று என்பதை அறிய ஒருவரின் வாழ்வை நோக்கினால் போதும். 1892 இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், பின்னாளிற் சுவாமி விபுலாநந்தராக அறியப்பட்டவர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்றபின் பயிற்றப்பட்ட ஆசிரியராவதற்குக் கொழும்பிலிருந்த ஆசிரிய கலாசாலைக்கே செல்ல நேர்ந்தது. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். அதே காலப்பகுதியில் விஞ்ஞான டிப்ளோமாவையும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் பெற்ற தகைமைகளில் எதுவும் அவர் பிறந்த ஊருக்கு அண்மையிற் கிட்டவில்லை.

ஒப்பற்ற அறிவாற்றல் படைத்த ஒருவர் இத்தடைகளைத் தாண்டினார் என்பது உண்மையே. ஆனால் ஒரு சமூகத்தின் பாடசாலைகளை நடத்துவதற்கு மேதைகள் மட்டும் போதாது. நூற்றுக்கணக்கான சாதாரண ஆசிரியர் வேண்டும். வயற்காரரின் மகனோ, மருதமுனை நெசவாளியின் மகனோ ஈராண்டு வீட்டை விட்டுப் பிரிந்து, வருவாயை இழந்து, தொலைவிலுள்ள நகரொன்றிற் பயில்வதென்பது குடும்பத்தின் சுமையாயிற்று. மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதையே 1928 இல் தான் வந்தது. அங்கிருந்து கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் தரைவழிப் பயணமே உண்டு. பயிற்சி நிலையத்தில் தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய ஒழுங்கு இருக்குமா, உணவு ஏற்றதாக அமையுமா என்னும் ஐயங்களும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இருந்தன. தூரம், செலவு, சமய வாழ்வொழுங்கு, உயர் தகைமைகளின் ஆங்கில மொழி ஆகிய நான்கும் ஒன்றாய்ச் சேர்ந்தே வாயிலை அடைத்திருந்தன.

இத்தகைய தடை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சைவரும் இதே இடரை எதிர்கொண்டனர். சைவப் பாடசாலைகளை நடத்த 1923 இல் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம், சைவ ஆசிரியரைப் பயிற்றுவதற்கெனத் திருநெல்வேலியிற் கலாசாலை ஒன்றை நிறுவப் பெரிதும் முயன்றது. பாடசாலைகளைக் கட்டியெழுப்பியோர், ஆசிரியரைத் தாமே பயிற்றாவிடின் அப்பாடசாலைகள் நிலைக்கா என்பதை அங்கும் அனுபவத்தால் அறிந்தனர்.

அட்டாளைச்சேனை

1940களின் தொடக்கத்தில் அட்டாளைச்சேனையில் முஸ்லிம் ஆசிரியருக்கென அரசினர் பயிற்சிக் கலாசாலை நிறுவப்பட்டமை இக்கரையோரக் கல்வி வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அதன் சிறப்பு கட்டடத்தில் இல்லை, அமைவிடத்தில் இருந்தது. நிந்தவூரும் அக்கரைப்பற்றும் அதற்கு அண்மையில் இருந்தன. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் இருந்து வருவோர் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பலாம். பொத்துவிலிலிருந்து வருபவருக்கும் அது மாகாணம் கடந்த பயணமன்று. பயிற்சி தமிழில் நடைபெற்றது. தொழுகையும் நோன்பும் கலாசாலை வாழ்வின் இயல்பான பகுதிகளாயின. முன்னர் கூறிய நான்கு தடைகளில் தூரமும் சமய ஒழுங்கும் பெருமளவு நீங்கின, செலவு குறைந்தது, முதற்படித் தகைமையைப் பொறுத்தவரை மொழித் தடையும் அகன்றது.

இதே காலத்தில் இக்கரையோரத்திற்கு வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973). இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், 1942 இல் யப்பானியக் குண்டுவீச்சின் பின் உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்குடன் கல்முனையில் அமைந்த அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். நெல் விளைவிக்க வந்த அதிகாரி, இப்பகுதியின் கல்வி வறுமையையும் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. அவ்வனுபவத்தின் வளர்ச்சியாகவே 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று. விபுலாநந்தருடன் அஸீஸ் கொண்டிருந்த நட்பும் அவர் நோக்கை விரிவுபடுத்தியது. திறமையுள்ள மாணவர் வறுமையாற் கல்வியைக் கைவிடலாகாது என்பதே அந்நிதியின் அடிப்படை. இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது யாதெனில், கலாசாலை அரசாங்கத்தின் முயற்சி, நிதியம் சமூகத்தின் முயற்சி என்பதாகும். ஒன்று வாயிலைத் திறந்தது. மற்றொன்று அவ்வாயில் வரை நடந்து வரப் பிள்ளைகளுக்குத் துணை நின்றது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்திற் கைகூடியமையே அவ்வாண்டுகளின் பயனை மிகுவித்தது.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் பாடசாலைகளையும் மாணவர் தொகையையும் பெருக்கிற்று. 1949 இற் கல்முனை ஸாஹிறா தோன்றியது. 1960–61 இல் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த 1960–63, 1970–77 ஆகிய காலப்பகுதிகளில் முஸ்லிம் பாடசாலைகளின் வளர்ச்சி விரைவுற்றது. மௌலவி ஆசிரியர் நியமனங்களின் வாயிலாக, முன்னர் பதிவேட்டிற்கு வெளியே நின்ற சமயப் புலமையும் அரச ஊதியம் பெறும் ஆசிரியத் தொழிலுக்குள் வந்தது. இவ்வளர்ச்சிக்கு வேண்டிய பயிற்றப்பட்ட ஆசிரியரை வழங்கியதில் அட்டாளைச்சேனைக்குப் பெரும் பங்குண்டு.

ஆசிரியத் தொழிலின் உயர்ச்சி வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன், பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் ஆகியோர் ஆசிரியராக இருந்தே இலக்கியம் வளர்த்தனர். 1944 இற் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் கற்பித்துத் தமிழ் மொழியியலுக்கும் திறனாய்வுக்கும் வளம் சேர்த்தார். ஆசிரியப் பணி இவர்களுக்கு ஊதியத்தோடு வாசிப்புக்கும் எழுத்துக்கும் உரிய சூழலையும் தந்தது.

ஏணியின் மேற்படிகள்

எனினும் தொழிற்றகைமை என்பது ஒரு படியுடன் முடிவடைவதன்று. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் நிலைக்கு மேலே பட்டதாரி ஆசிரியர், பட்டப்பின் கல்வி டிப்ளோமா பெற்றவர், அதிபர், கல்வி நிருவாக சேவையாளர் எனப் படிகள் உயர்ந்து சென்றன. கீழ்ப்படியில் நீங்கிய தடைகள் மேற்படியில் மீண்டும் தோன்றின. பல்கலைக்கழகக் கல்வி நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. கலைப்பீடத்திற் தாய்மொழி வாயிலான கற்பித்தல் 1960 அளவிலேயே ஆரம்பமாயிற்று. கல்வித் துறைசார் உயர் கற்கைகள் கொழும்பையும் பேராதனையையும் சார்ந்திருந்தன. கல்முனையில் ஐந்து பிள்ளைகளின் தந்தையாகிய ஆசிரியர் ஒருவர் அவற்றை நாடுவது, அவருடைய தந்தையார் காலத்தில் ஒருவர் பயிற்சிக் கலாசாலையை நாடியது போன்றே கடினமாயிற்று.

இங்கும் வழி எட்டும் தூரத்திற்கு வந்தபோதே பயன் விளைந்தது. வெளிவாரிப் பட்டத் தேர்வுகள், கற்பித்துக்கொண்டே கற்கும் வாய்ப்பை ஆசிரியருக்கு அளித்தன. பகலிற் பாடசாலையும் இரவில் விளக்கொளியிற் படிப்புமாகப் பட்டம் பெற்றோரை இக்கரையோரத்தின் ஊர் ஒவ்வொன்றும் அறியும். 1980 இல் திறந்த பல்கலைக்கழகமும், 1985 இன் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே தேசிய கல்வி நிறுவகமும் அமைந்தன. பயிற்றப்படாத ஆசிரியருக்கான தொலைக்கல்விப் பயிற்சியும் அப்பத்தாண்டில் விரிந்தது. 1986 இன் 30 ஆம் இலக்கச் சட்டம் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வழிவகுத்தது. பின்னர் அட்டாளைச்சேனையிலும் அத்தகைய கல்லூரி ஒன்று அமைந்தது. 1994 இல் நடைமுறைக்கு வந்த இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு, பதவி உயர்வைத் தொழிற்றகைமையோடு பிணைத்தது. அதன் பின் சான்றிதழ் ஆசிரியரின் பெருமைக்குரியதாக மட்டுமன்றி, அவர் ஊதியத்தையும் தீர்மானிப்பதாயிற்று.

பெண் ஆசிரியரும் தென் எல்லையும்

இவ்வரலாற்றின் குறைபாடு இரண்டிடங்களிற் புலப்படுகின்றது. முதலாவது, பெண்களின் நிலை. அட்டாளைச்சேனைக் கலாசாலை ஆண்களை முன்வைத்தே தொடங்கப்பட்டது. முஸ்லிம் பெண்களுக்கான பயிற்சிக் கலாசாலை மேற்குக் கரையில் அளுத்கமவில் அமைந்தது. கிழக்குக் கரையின் இளம்பெண் ஒருத்தி தீவின் மறு கரைக்குச் சென்று ஈராண்டு தங்கிப் பயில்வதை அக்காலப் பெற்றோர் எத்துணை பேர் ஏற்றிருப்பர்? ஆண்களுக்கு அமைவிடத்தால் நீங்கிய தடை பெண்களுக்கு அமைவிடத்தாலேயே நிலைத்தது.

இரண்டாவது, பொத்துவிலும் அறுகம்பேயும் அடங்கிய தென் எல்லை. பயிற்சியும் பட்டமும் பெற்ற ஆசிரியர் கல்முனை, அக்கரைப்பற்று போன்ற பெரிய ஊர்களையே நாடுவர். கோமாரிக்கு அப்பாலுள்ள பாடசாலைகளுக்கு நியமனம் பெற்றோர் இடமாற்றத்தை எதிர்நோக்கியே காலங்கழிப்பதுண்டு. பொத்துவிலுக்குத் தனிக் கல்வி வலயம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுந்து வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். போர்க்காலத்தில் இவ்வழிப் போக்குவரத்து அச்சம் நிறைந்ததாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனைக் கரையோரத்தை அழித்ததோடு, அறுகம்பேப் பாலத்தையும் சிதைத்தது. பாலத்திற்கு அப்பாலுள்ள உல்லைக்கும் பாணமைக்கும் செல்லும் ஆசிரியருக்குத் தூரம் என்பது எத்துணை உண்மையான தடை என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இவ்விரு குறைபாடுகளையும் ஒருங்கே நோக்கும்போது தீர்வின் திசையும் புலனாகின்றது. இக்கரையோரத்தின் முஸ்லிம்களிடையிலும் தமிழர்களிடையிலும் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வதே வழக்கு. மணமகன் மனைவியின் ஊரிற் குடியேறுகின்றான். எனவே ஆண் ஆசிரியர் திருமணத்தால் ஊர்மாற வாய்ப்புண்டு. பெண் ஆசிரியையோ தான் பிறந்த ஊரிலேயே நிலைத்திருக்க வாய்ப்பு மிகுதி. பொத்துவிலில் ஓர் இளம்பெண் முழுத் தொழிற்றகைமை பெற உதவுவது, அவ்வூர்ப் பாடசாலைக்கு முப்பதாண்டு நிலைக்கும் ஆசிரியையை வழங்குவதாகும். சமூக அமைப்பே தந்துள்ள இவ்வனுகூலத்தைக் கல்வித் திட்டமிடுவோர் பயன்படுத்துதல் தகும்.

பிறநாட்டு அனுபவம்

தகைமை ஏணியாகவும் அமையலாம், வேலியாகவும் அமையலாம் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின ஆசிரியர் வரலாறு சான்றாகின்றது. அந்நாட்டுத் தென்மாநிலங்களில் ஒரே தகைமையுடைய கறுப்பின ஆசிரியருக்கு வெள்ளையரினும் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. வேர்ஜினியாவின் நோபோக் நகர ஆசிரியர் மெல்வின் அல்ஸ்டன் தொடுத்த வழக்கில், அத்தகைய வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1940 இல் தீர்த்தது. நிறத்தை வெளிப்படையாகக் காட்டி ஊதியத்தைக் குறைக்க முடியாத நிலையில், 1945 இல் தென் கரோலினா மாநிலம் தேசிய ஆசிரியர் தேர்வின் புள்ளிகளை ஊதியத்துடன் இணைத்தது. தாழ்ந்த வசதிகளுடைய பாடசாலைகளிற் கற்குமாறு விதிக்கப்பட்டோர் அத்தேர்விற் குறைந்த புள்ளி பெறுவர் என்பது எதிர்பார்க்கப்பட்டதே.

1987 இல் அந்நாட்டில் உருவான தொழிற்றராதரங்களுக்கான தேசிய சபை, அனுபவமிக்க ஆசிரியருக்கு உயர்நிலைச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. அங்கும் தொடக்க ஆண்டுகளிற் கறுப்பின ஆசிரியரின் சித்தி வீதம் வெள்ளையரினும் குறைவாக இருந்தமை ஆய்வுகளிற் பதிவாகியது. மூத்த ஆசிரியரின் வழிகாட்டல், குழுவாகக் கற்றல், கட்டண உதவி ஆகியவற்றை வழங்க வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. தேர்வு அனைவருக்கும் ஒன்றாயிருப்பினும், தேர்வு மண்டபம் வரை வரும் பாதை அனைவருக்கும் ஒன்றாயிருப்பதில்லை என்பதே அட்டாளைச்சேனையும் அமெரிக்காவும் ஒருங்கே கூறும் பாடம்.

முடிவு

சிறுபான்மையினருக்கெனத் தனி நிறுவனம் அமைப்பது சமூகங்களைப் பிரிக்கும் என்ற வாதமும் உண்டு. அவ்வாதத்தை முற்றாகப் புறக்கணித்தல் இயலாது. காரைதீவின் தமிழ் ஆசிரியரும் நிந்தவூரின் முஸ்லிம் ஆசிரியரும் அருகருகே அமர்ந்து பயில்வதால் விளையும் நன்மை, எத்தனிக் கலாசாலையாலும் விளையாது. எனினும் பொது வாயில் ஒரு சாராருக்கு நடைமுறையில் மூடியிருந்த காலத்தில், தனி வாயில் திறக்கப்பட்டிராவிடின் அச்சாரார் பொது மண்டபத்தை என்றுமே அடைந்திருக்க மாட்டார். தனி வாயிலின் பயன், இறுதியிற் பொது மண்டபத்தை நிறைப்பதிலேயே தங்கியுள்ளது.

1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது, அது தன் பணியை அட்டாளைச்சேனையிலேயே ஆரம்பித்தது. 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்வியைத் தொடர இயலாது இடம்பெயர்ந்த மாணவரின் நிலை அதன் தோற்றத்திற்கு உடனடிக் காரணமாயிற்று. ஆயின் அரை நூற்றாண்டாக ஆசிரியரை உருவாக்கிய ஊர் ஒன்றின் அருகில் அது வேரூன்றியமை தற்செயலானதன்று. பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாத ஊரிலிருந்து பல்கலைக்கழக மாணவர் தோன்றுவதில்லை.

கல்முனையிற் பெருமளவு நிறைவேறிய இப்பணி, பொத்துவிலையும் அறுகம்பேயையும் இன்னும் முழுமையாகச் சென்றடையவில்லை. 1940களில் அட்டாளைச்சேனையிற் கலாசாலையை அமைத்தோர் ஆசிரியரை அழைத்துக் காத்திருக்கவில்லை. கலாசாலையையே ஆசிரியரின் ஊருக்குக் கொண்டு வந்தனர். அதே பயணம் இன்னும் சிறிது தெற்கே செல்ல வேண்டியுள்ளது.